பாடியவருக்கு முன்னால் பாடியவர்

மாமா இறந்து மூன்று வருஷம் கழித்து, ஜெலுத்தோங் வீட்டைக் காலி செய்யும்போது அத்தை என்னிடம் ஒரு செருப்புப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே இருபத்திரண்டு கேசட்டுகள். மாமா தொண்ணூறுகளில் பினாங்கில் ஓர் இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தவர். கல்யாணம், கோயில் திருவிழா, தீபாவளிக் கலைநிகழ்ச்சி என்று வாசித்தது போக, உள்ளூர்ப் பாடகர்களுக்கு மெட்டும் போட்டுக் கொடுத்தார். பெட்டியில் இருந்த பெரும்பாலான கேசட்டுகளில் வானொலியிலிருந்து பிடித்த சினிமாப் பாட்டுகள்தான். ஒன்றில் மட்டும் நீல மையில் "டெமோ. பெண் குரல். 5 கட்டை" என்று எழுதியிருந்தது.

அதைப் போட்டுக் கேட்டேன். ரிதம் பாக்ஸ், கீபோர்டு, மேலே மாமாவின் குரல். ஒரு பெண் பாடவேண்டிய பாட்டை, பெண் பேசும் வார்த்தைகளிலேயே, ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடுகிறார். பல்லவி முழுதாக இருக்கிறது. இரண்டாவது சரணத்தில் பாதிக்கு இன்னும் வார்த்தை வரவில்லை போல, "தன்னான தானானா" என்று ஓட்டுகிறார். நடுவில் வாத்தியம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேசுகிறார்: "தங்கச்சி, இங்க மூச்சு எடுத்துக்க. அடுத்த வரி நீளம்."

அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். ஒரு தீபாவளிக்கு வெளிவந்த உள்ளூர்க் கேசட்டில் ஒரு பெண் பாடியது. எங்கள் வீட்டில் நாடா தேயும்வரை ஓடியது. அந்தப் பெண் மூச்சு வாங்குகிற இடம்கூட எனக்குத் தெரியும். அது மாமா சொன்ன இடம்.

அன்றிலிருந்து இந்த வகைப் பதிவுகளை விடாமல் தேடிக் கேட்கிறேன். பிரபலமான ஒரு பாட்டை, அதைப் பிரபலமாக்கியவருக்கு முன்னால், அதை எழுதியவரோ கூலிக்குப் பாடியவரோ பாடிய பதிவுகள். இவை எப்படிப் பிறந்தன, ஏன் மறைந்தன, எதனால் இப்போது ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், நமக்குப் பழகிய பாட்டுகளே வேறு மாதிரி கேட்கத் தொடங்கும்.

டெமோ என்றால் செய்து காட்டுவது. தன் சொந்த ஆல்பத்துக்கு ஒத்திகையாகச் செய்யும் டெமோவும் உண்டு. அது தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் குறிப்பு மாதிரி. வேறொருவர் பாடுவதற்காகச் செய்யும் டெமோ அப்படியில்லை, அது கடிதம். எழுதியவருக்கு எதிரே ஒரே ஒரு ஆள் இருக்கிறார். அவருடைய குரல் எவ்வளவு மேலே போகும், எந்தச் சொல் அவர் வாயில் அழகாக விழும் என்று யோசித்து யோசித்துப் பாடியிருக்கிறார். ஊர் கேட்பதற்காகச் செய்தது இல்லை.

ஸ்வரம் எழுதிக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். சங்கீத வாத்தியார் முன்னால் உட்கார்ந்து பாட்டுக் கற்ற யாருக்கும் பதில் தெரியும். ஸ்வரத்தை எழுதிவிடலாம். ஒரு சொல்லை எங்கே இழுப்பது, எங்கே அரைகுறையாக விழுங்குவது, எந்த எழுத்தின் மேல் லேசாகச் சாய்வது என்பதை வாயால்தான் சொல்ல முடியும்.

அசிடேட் தட்டும் பிராட்வே அறைகளும்

1950களிலும் 60களிலும் நியூயார்க்கின் பிராட்வே சாலையில் இது முழுநேரத் தொழிலாகவே நடந்தது. 1619, 1650 என்ற இரண்டு இலக்கக் கட்டடங்களில் பாடல் பதிப்பகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. சிறிய அறை, ஒரு பியானோ, மெட்டுப் போடுபவர் ஒருவர், வரி எழுதுபவர் ஒருவர். பாட்டு முடிந்ததும் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பாடிப் பதிந்து, அதை அசிடேட் தட்டில் வெட்டி, பாடகரின் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

அசிடேட் என்பது அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் பூசிய தட்டு. கடையில் விற்கும் இசைத்தட்டைப் போல ஆயிரக்கணக்கில் அச்சில் அழுத்தி எடுத்ததில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஊசியால் கீறி எடுப்பார்கள். பூச்சு மென்மையானது. சில பத்துத் தடவை ஓட்டினாலே தேய்ந்து இரைச்சல் ஏறிவிடும். பாடகர் பாட்டை மனப்பாடம் செய்வதற்குள் தட்டின் ஆயுள் முடிந்துவிடும். இந்த டெமோக்கள் அரிதானதற்கு முதல் காரணம் இதுதான். அவற்றை யாரும் வைத்துக்கொள்வதற்காகச் செய்யவில்லை.

எல்விஸ் பிரெஸ்லி 1956இல் பாடிய 'டோன்ட் பி குருவல்', அடுத்த வருஷம் பாடிய 'ஆல் ஷுக் அப்' இரண்டும் புருக்ளினைச் சேர்ந்த ஓட்டிஸ் பிளாக்வெல் எழுதியவை. டெமோக்களில் பாடியவரும் அவர்தான். எல்விஸ் அவற்றைக் கேட்டுத்தான் பாட்டைக் கற்றுக்கொண்டார். பிளாக்வெல்லின் வெட்டும் இழுப்பும், சொல்லைச் சுண்டிவிடும் விதமும் எல்விஸின் குரலுக்குள் போய்விட்டன. உலகம் அதை எல்விஸ் பாணி என்று ஏற்றுக்கொண்டது. போதாக்குறைக்கு, இரண்டு பாட்டிலும் எழுதியவர் வரிசையில் எல்விஸின் பெயரும் அச்சானது; ராயல்டியில் பங்கு போனது. இருவரும் ஒரு தடவைகூட நேரில் சந்தித்ததில்லை என்று பிளாக்வெல் பின்னாளில் சொன்னார். ஒரு கறுப்பினக் கலைஞரின் தொண்டையில் பிறந்த ஓர் உச்சரிப்பு, தட்டு வழியாக இன்னொருவரின் தொண்டைக்குப் போய், அங்கேயே பட்டா வாங்கிக்கொண்டது. இதைப் படித்த நாளிலிருந்து அந்த இரண்டு பாட்டையும் என்னால் நிம்மதியாகக் கேட்க முடிந்ததில்லை.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. கரோல் கிங், ஜெர்ரி காஃபின் தம்பதி 1962இல் 'தி லோகோ-மோஷன்' என்று ஒரு பாட்டு எழுதினார்கள். வேறொரு பாடகிக்குக் கொடுக்க நினைத்து, தங்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஈவா பாய்டு என்ற இளம்பெண்ணை டெமோ பாட வைத்தார்கள். கேட்ட பதிப்பக முதலாளி டான் கிர்ஷ்னர், பாட்டை வெளியே கொடுக்க வேண்டாம், இந்தக் குரலே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். 'லிட்டில் ஈவா' என்ற பெயரில் வெளிவந்து அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே வருஷம் பாபி வீ என்ற பாடகருக்காக எழுதிய 'இட் மைட் அஸ் வெல் ரெய்ன் அன்டில் செப்டம்பர்' பாட்டை, கரோல் கிங்கின் சொந்தக் குரலிலேயே வெளியிட்டார்கள். பிரிட்டனில் 3ஆம் இடம்வரை போனது. அவருடைய மற்ற டெமோக்கள் ஒரு தொகுப்பாக வர 2012 ஆகிவிட்டது.

எனக்கு மனசில் நிற்பது பாடகி டியான் வார்விக்கின் கதை. சேர்ந்து பாட்டு எழுதிய பர்ட் பக்கராக், ஹால் டேவிட் இருவருக்கும் அவர் டெமோ பாடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 'மேக் இட் ஈஸி ஆன் யுவர்செல்ஃப்' என்ற பாட்டை அவர் டெமோவில் பாடினார். அது தனக்கே வரும் என்று நம்பியிருந்தார். பாட்டோ 1962இல் ஜெர்ரி பட்லரிடம் போனது. விஷயம் தெரிந்ததும் கோபத்தில் அந்த இருவரிடமும், என்னை நீங்கள் மாற்றி வார்க்க வேண்டாம், நான் நானாகவே இருக்கிறேன் என்ற பொருளில் சீறியிருக்கிறார். அந்தச் சீற்றத்தையே எடுத்து அவர்கள் 'டோன்ட் மேக் மீ ஓவர்' என்று ஒரு பாட்டாக்கி அவருக்குக் கொடுத்தார்கள். அவருடைய முதல் வெற்றி அதுதான். குடும்பப் பெயர் வாரிக். தட்டின் மேல் எழுத்துப்பிழையோடு வார்விக் என்று அச்சானது. அதுவே வாழ்நாள் பெயராக நின்றுவிட்டது. டெமோ பாடுகிறவருக்கு எவ்வளவு மரியாதை இருந்தது என்பதற்கு அந்த அச்சுப்பிழையே சாட்சி.

எதிராளியின் குரலில் யோசிப்பது

1969 ஜூலை 24. லண்டன் ஏபி ரோடு ஸ்டூடியோவுக்கு மற்ற பீட்டில்ஸ்காரர்கள் வருவதற்கு முன்பே பால் மெக்கார்ட்னி வந்துவிட்டார். பியானோ, டிரம்ஸ், பேஸ் என்று ஒவ்வொன்றாகத் தானே வாசித்து, தானே பாடி, ஒரு மணி நேரத்துக்குள் 'கம் அண்ட் கெட் இட்' டெமோவை முடித்தார். அது பிற்பாடு பேட்ஃபிங்கர் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஓர் இளைஞர் குழுவுக்காக. பத்து நாள்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 2ஆம் தேதி அவர்கள் பாட வந்தபோது, டெமோவில் இருப்பதைப் போலவே வாசியுங்கள், எதையும் மாற்றாதீர்கள் என்றார். அப்படியே செய்தார்கள், பிரிட்டனில் 4ஆம் இடம். 1996இல் 'ஆந்தாலஜி 3' தொகுப்பில் அந்த டெமோ வெளிவந்தபோது இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்குத் தெரிந்தது, வெற்றிபெற்ற பாட்டு டெமோவின் படியெடுப்பு என்று.

இதற்கு நேர் எதிர் பாரி கிப். பீஜீஸ் குழுவின் மூத்தவர். 1980இல் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசண்டுக்காக ஓர் ஆல்பம் முழுக்க டெமோ செய்தார். அவை 2006இல்தான் டிஜிட்டல் கடையில் விற்பனைக்கு வந்தன. ஒரு பெண்ணுக்கான பாட்டை அந்தப் பெண்ணின் சுருதியிலேயே காட்டவேண்டும் என்பதால் தன் மெல்லிய பொய்க்குரலில் மேலே ஏறி ஏறிப் பாடுகிறார். முதலில் கேட்கும்போது விநோதமாக இருக்கும். நாலைந்து தடவை கேட்டால், அவர் தன் குரலைக் காட்டவே இல்லை என்பது பிடிபடும். அவர் ஸ்ட்ரைசண்டைக் கற்பனை செய்துகொண்டிருக்கிறார். மாமா ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடினார், பாரி கிப் ஏற்றிப் பாடினார். இரண்டு பேரும் செய்த வேலை ஒன்றுதான்.

அமெரிக்கப் பாடகர் பிரின்ஸைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லவேண்டும். அவர் எழுதிப் பாடி முடித்து மற்றவர்களிடம் கொடுத்த பாட்டுகள் ஏராளம். 'மேனிக் மண்டே' 1984இல் அப்பலோனியா 6 என்ற குழுவுக்கென்று செய்தது. அங்கே வெளிவராமல் நின்று, 1986இல் பேங்கிள்ஸ் என்ற பெண்கள் குழுவிடம் போனது. எழுதியவர் பெயர் 'கிறிஸ்டஃபர்' என்று அச்சிடச் சொன்னார். அமெரிக்கப் பட்டியலில் அது 2ஆம் இடம்வரை ஏறியபோது, அதை முதலிடத்துக்குப் போகவிடாமல் மேலே உட்கார்ந்திருந்தது பிரின்ஸின் சொந்தப் பாட்டான 'கிஸ்'. தன் பாட்டோடு தானே போட்டி போட்டார்.

'நத்திங் கம்பேர்ஸ் 2 யூ' பாட்டை அவர் 1984இல் பதிவு செய்தார். தி ஃபேமிலி என்ற குழு 1985இல் பாடியது, பெரிதாக எடுபடவில்லை. 1990இல் ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ'கானர் பாடி உலகமே கேட்டது. பிரின்ஸின் ஆதிப் பதிவு 2018இல்தான் வெளிவந்தது, அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து. அதில் சாக்ஸபோன் இருக்கிறது, பின்குரல்கள் இருக்கின்றன, குரலில் தெம்பு இருக்கிறது. ஓ'கானரின் பதிவில் அவ்வளவும் குறைந்து, பெரும்பாலும் ஒரு குரலும் அதன் பின்னால் ஒரு நீண்ட ஓசையும்தான். டெமோதான் அசல், பிரபலமானது நகல் என்று நினைப்பவர்களிடம் நான் இந்த இரண்டையும் போட்டுக் காட்டுவேன். எழுதியவருக்கே தெரியாத ஒரு துக்கத்தைப் பாடியவர் அந்தப் பாட்டுக்குள் கண்டெடுத்தார். எழுதியவரை மறப்பது அநியாயம்தான், அதற்காகப் பாடியவரின் பங்கைச் சிறிதாக்கவும் கூடாது. டெமோ கிடைத்தால்தான் இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட முடியும்: இவ்வளவு இவருடையது, இவ்வளவு அவருடையது.

2019இல் 'ஒரிஜினல்ஸ்' என்ற பெயரில் அவருடைய இப்படிப்பட்ட 15 பதிவுகள் ஆல்பமாக வந்தன. பிரின்ஸ் உயில் எழுதாமல் இறந்தவர். அவர் பூட்டி வைத்ததை வெளியிடலாமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. நியாயமான கேள்வி. என் மனசுக்குப் படுவது இது: பாதியில் கைவிட்டு யாருக்கும் காட்டாமல் வைத்த பதிவு வேறு, இன்னொருவருக்குக் கொடுத்தனுப்பிய பதிவு வேறு. கொடுத்தனுப்பியது ஏற்கெனவே ஒரு காதைச் சேர்ந்துவிட்டது. எழுதியவரின் குடும்பமும் பாடியவரும் சம்மதித்தால், அதைக் கேட்பதில் குற்றவுணர்வு தேவையில்லை.

சேரவேண்டியவரிடம் சேராத கடிதங்களும் உண்டு. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1977இல் எல்விஸை மனத்தில் வைத்து 'ஃபயர்' எழுதினார். அந்த ஆகஸ்ட் 16ஆம் தேதி எல்விஸ் இறந்துபோனார். பாட்டு வேறு வழியாகச் சுற்றி, பாயிண்டர் சிஸ்டர்ஸ் பாடி, அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடத்தைப் பிடித்தது. இந்தக் காலத்தில் இது இன்னும் சாதாரணம். ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' முதலில் பிரிட்னி ஸ்பியர்ஸுக்காக எழுதப்பட்டு அவர் தரப்பு வேண்டாம் என்றது. சியா 2016இல் வெளியிட்ட ஓர் ஆல்பமே, மற்றவர்களுக்காக எழுதி அவர்கள் எடுத்துக்கொள்ளாத பாட்டுகளால் ஆனது.

ஏன் பூட்டி வைத்தார்கள், ஏன் திறந்தார்கள்

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரியும் ஒன்று. அதைப் பதிவு செய்த ஒலி இன்னொன்று. டெமோவில் முதலாவது பெரும்பாலும் பதிப்பகத்திடம் இருக்கும். இரண்டாவது யாரிடம் என்பதே குழப்பம். ஸ்டூடியோ வாடகையைக் கொடுத்தவரா, பாடியவரா, வாசித்தவர்களா? கூலிக்குப் பாடியவரிடம் பல நேரம் ஒப்பந்தமே இருக்காது. அதனால் டெமோவை வெளியிட நினைத்தால் நாலு பேரைத் தேடிப் போகவேண்டும். அப்புறம் பாடகரின் தயக்கம். தன் பாட்டை இன்னொருவர் அப்படியே முன்னால் பாடியிருக்கிறார் என்பது வெளியே வருவது எல்லாருக்கும் பிடிக்காது.

திறந்ததற்கு இசை ரசனை மட்டும் காரணமில்லை. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளுக்கு 50 வருஷமாக இருந்த பாதுகாப்பை 2011இல் 70 ஆக்கினார்கள். ஒரு நிபந்தனை: 50 வருஷத்துக்குள் வெளியிடாத பதிவுக்கு இந்த நீட்டிப்பு கிடைக்காது. உடனே கம்பெனிகள் அலமாரியைத் துழாவத் தொடங்கின. 2013 டிசம்பரில், 50 வருஷம் முடியச் சில நாள்களே இருக்க, பீட்டில்ஸின் 1963ஆம் வருஷத்துப் பதிவுகள் 59 ஆரவாரமில்லாமல் ஐடியூன்ஸில் வந்தன. அவற்றில் பில்லி ஜே. கிரேமருக்காக எழுதிய 'பேட் டு மீ', ஃபோர்மோஸ்ட் குழுவுக்காக எழுதிய 'ஐம் இன் லவ்' ஆகியவற்றின் டெமோக்கள் இருந்தன. கிரேமர் பாடியது 1963இல் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்த பாட்டு. அதன் விதை வெளிச்சத்துக்கு வர அரை நூற்றாண்டும் ஒரு சட்டத் திருத்தமும் தேவைப்பட்டது.

பாப் டிலன் தன் பதிப்பகங்களுக்காக 1962 முதல் 1964வரை பாடிப் பதிந்த 47 பாட்டுகள் 2010இல் 'விட்மார்க் டெமோஸ்' என்று வந்தன. பதிப்பகம் அவற்றை வைத்து மற்ற பாடகர்களிடம் பாட்டை விற்கும், அதற்குத்தான் பதிவு. இருமலோடும் பாதியில் நிறுத்துவதோடும் அப்படியே இருக்கிறது. இருபத்தொன்று, இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, யாரோ பாடப்போகிறார்கள் என்று பாடுவதைக் கேட்கும் அனுபவத்தை எந்த ஆல்பமும் தரவில்லை எனக்கு.

நம்மிடம் இதற்குப் பெயர் ட்ராக்

தமிழ் இசையில் இந்த வேலைக்கு ட்ராக் பாடுவது என்று பெயர். வாத்தியங்களைத் தனியாகவும் குரலைத் தனியாகவும் பதிக்கும் வசதி வந்தபிறகு, பெரிய பாடகர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாமல் போனது. ட்ராக் பாடகர் ஒருவர் முதலில் முழுப் பாட்டையும் பாடி வைப்பார். பெரியவர் வந்து, அதை ஹெட்போனில் கேட்டுக் கற்றுக்கொண்டு பாடுவார். பிறகு ட்ராக் குரலை எடுத்துவிடுவார்கள். கேசட் அட்டையில் அவர் பெயர் வராது. சில நேரம் அந்தக் குரலே நன்றாக இருக்கிறது என்று அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. ஒருவருக்கு வாழ்க்கை கிடைப்பது அப்படித்தான்.

நம்மிடம் இன்னொரு படியும் இருக்கிறது: தத்தகாரம். மெட்டுப் பிறந்து வார்த்தை பிறக்காத நேரத்தில் "தன்னன்னா தானனா" என்று பாடி வைப்பது. கவிஞர் அந்தச் சந்தத்தைக் கேட்டுக் குறில் நெடில் பார்த்துச் சொல் போடுவார். மெக்கார்ட்னியும் 'யெஸ்டர்டே' மெட்டுக்கு வார்த்தை வரும்வரை முட்டைப் பொரியலைப் பற்றி ஏதோ ஒரு வரியைப் போட்டுப் பாடிக்கொண்டிருந்தாராம். நம் தத்தகாரப் பதிவுகள் பத்திரமாக இருந்தால், ஒரு கவிஞரின் மூளை எப்படி வேலை செய்தது என்பதை வகுப்பில் போட்டுக் காட்டலாம். இந்த 'னா'வுக்கு ஏன் 'நிலா' வந்தது என்று.

மலேசியாவில் இந்தக் கதை இன்னும் கலவையானது. பினாங்கிலிருந்து புறப்பட்ட அலிகேட்ஸ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் எழுபதுகளில் ஹாங்காங்கில் பாடிவிட்டுத் திரும்பி, மற்றவர்கள் எழுதிய மலாய்ப் பாட்டுகளைப் பாடி நாட்டையே கட்டிப்போட்டவர்கள். லோகா 2007இல் மறைந்தார். மலாய்க்காரர் ஒருவர் மெட்டுப் போட்டு, தமிழர் ஒருவர் தொண்டையில் வந்து உட்கார்ந்து, சீனர் வீட்டு வானொலியிலும் ஒலித்த பாட்டுகள் அவை. அவற்றின் டெமோக்களில் என்ன கேட்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அந்தக் குழைவு எழுதியவரிடமிருந்து வந்ததா, லோகா போட்டதா?

நம் தமிழ்ப் பாட்டுகளுக்கு நிலைமை இன்னும் மோசம். வீடுகளிலும் சின்ன ஸ்டூடியோக்களிலும் கேசட்டில் டெமோ செய்தார்கள். 1979இல் நான்கு தடங்களை ஒரே கேசட்டில் பதிக்கும் போர்ட்டாஸ்டூடியோ வந்தபிறகு உலகம் முழுக்க இது சுலபமானது. அது வாங்க முடியாதவர்கள் மாமாவைப் போல இரண்டு கேசட் ரெக்கார்டரை எதிரெதிரே வைத்துச் சமாளித்தார்கள். ஆனால் வெறும் கேசட்டுக்குக் காசு வேண்டும். வேலை முடிந்ததும் அதன் மேலேயே அடுத்ததைப் பதிந்தார்கள். மாமாவின் பெட்டியில் ஆறு கேசட்டுகள் அப்படி. ஒன்றில் ஒரு மெட்டு பாதியில் அறுந்து, யாரோ ஒருவர் வீட்டுப் பிறந்தநாள் சத்தம் வருகிறது.

சட்டமும் இதற்குக் கைகொடுப்பதாக இல்லை. 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, இங்கே வெளியிடப்படுபவற்றின் பிரதி தேசிய நூலகத்துக்குப் போகவேண்டும். டெமோ வெளியிடப்படாதது; அந்த வலையில் விழாது. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியிடப்படாத ஒலிப்பதிவுக்குப் பாதுகாப்பு அது பதிவான வருஷத்திலிருந்து கணக்கிட்டு 50 வருஷம். பாட்டுக்கோ எழுதியவர் வாழ்நாளும் அதற்குமேல் 50 வருஷமும். மாமா 1994இல் பாடிய பதிவுக்கு 2044 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. ஆனால் நாடா அதுவரை தாங்குமா என்பதைச் சட்டம் கேட்பதில்லை.

அதனால் இதை வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் வேலைக் குறிப்பு. கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தட்டுகளை முதலில் உடைத்துவிடுங்கள். தெரியாமல் மேலே பதிவாகாது. ஓட்டும் இயந்திரத்தின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். ரொம்ப நாள் கிடந்த நாடாவை முதலில் ஒரு தடவை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கம் தளர்த்துங்கள். கணினியில் ஏற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் சுருக்காத கோப்பாக வையுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலப் பிரதியில் கை வைக்காதீர்கள். சுத்தம் செய்வதற்கு இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். இரைச்சலோடு சேர்ந்து மூச்சும் போய்விடும். கேசட் அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். இதைவிட முக்கியம், அந்தக் குரல் யாருடையது என்று சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதுங்கள்.

லோரோங் கூலிட் சந்தையில் காலையில் போய்ப் பழைய கேசட் குவியலைக் கிளறும்போது, அச்சடித்த அட்டை இருப்பதை நான் தொடுவதில்லை. பேனாவால் எழுதியதைத்தான் எடுக்கிறேன். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வானொலிப் பாட்டுகள். இதுவரை இரண்டே இரண்டு டெமோக்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று மலாய், ஒன்று தமிழ்.

போன மாதம் அந்தத் தீபாவளிப் பாட்டைப் பாடிய அம்மாவைக் கண்டுபிடித்தேன். பட்டர்வொர்த்தில் மகளோடு இருக்கிறார். மாமாவின் டெமோவைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு ஃபெர்ரியில் போனேன். ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் சொன்னார்:

"தம்பி, பாட்டு என் பாட்டுதான். ஆனா இந்தக் கேசட் எனக்கு வந்தது இல்லப்பா. உங்க மாமா என்னை டீச்சர்னுதான் கூப்பிடுவார். நான் அப்போ ஸ்கூல்ல வேலை பாத்தேன். தங்கச்சின்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. எனக்கு அனுப்பினதுல மூச்சு எடுக்கிற இடத்தச் சொல்லவே இல்ல, அது நானா எடுத்தது."

எனக்கு முன்னால் வேறொரு பெண்ணிடம் பாட்டைக் கொடுத்துப் பார்த்திருப்பார் என்றார். அந்தக் காலத்தில் இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்த நாலைந்து பெண்களின் பெயரையும், அவர்களில் ஒருவர் கல்யாணமாகி ஈப்போவுக்குப் போனதையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்து, கோப்பின் பெயரில் நான் போட்டிருந்த அவருடைய பெயரை அழித்துவிட்டு, "பெண் குரலுக்கு, 5 கட்டை, தங்கச்சி" என்று மாற்றி வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை ஈப்போ போகிறேன்.